அரக்கு நிறக் கோடு

திருச்செந்தூருக்குத் தெற்கே,
26 மே 2025

பாஞ்சாலி அக்காவுக்கு,

என் எண்ணை நீங்கள் பிளாக் செய்து மூன்று வாரம் ஆகிறது. அதனால்தான் காகிதம். சாம்சன் அண்ணன் வாரத்துக்கு ஒருமுறை நம் கம்பெனி வேனில் மாற்றுச் சாமான்களோடு இங்கே வந்துபோகிறார். திரும்பிப் போகும் போல்ட் பெட்டிக்குள் இதை வைத்திருக்கிறேன். பிள்ளைப்பாக்கத்தில் உங்கள் வீட்டில் கொடுத்துவிட்டுத்தான் கம்பெனிக்குப் போக வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

இந்த முதியோர் இல்லத்துத் தோட்டத்தில், நான் டிராயிங் போட்டு உங்கள் லைன் மாட்டிய நாற்பது பெஞ்சுகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இருபத்து மூன்று ஆடுகின்றன. கையால் தொட்டாலே கால்கள் அசைகின்றன. பெஞ்சு உடைந்து கீழே விழுந்த வனமாமலை ஐயாவையும் பார்த்தேன். எழுபத்தாறு வயது. இடது மணிக்கட்டில் மாவுக்கட்டு. நான் மன்னிப்புக் கேட்டதும் சிரித்தார். "நான் ஒண்ணும் பெஞ்ச வையலயேம்மா. அதுதான் என்னைய உதறிட்டு" என்றார். அவர் திட்டியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

நீங்கள் என்மேல் கோபமாக இருப்பது தெரியும். தமிழ்வாணன் சார் அந்த உடைந்த பெஞ்சுக் காலின் போட்டோவைக் காட்டி, "இத டைட் பண்ணது யாரு?" என்று கேட்டார். நட்டின் மேல் அரக்கு நிறத்தில் கோடு இருந்தது. பாஞ்சாலி அக்கா என்று சொன்னேன். போதிய அளவு இறுக்கவில்லை என்று ரிப்போர்ட் எழுதச் சொன்னார். எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மேனேஜர் கேட்டால் பொய்யா சொல்ல முடியும்?

ஜூன் இருபதாம் தேதி விசாரணை. அதுவரை உங்களை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள் என்பது எனக்கு மறுநாள்தான் தெரியும். ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்கள். அந்த வாரம் OT அதிகம். போதிய இறுக்கம் வந்ததும் ரெஞ்சில் வரும் கிளிக் சத்தம் கேட்காமலே எதையாவது விட்டுவிட்டீர்களா? விட்டிருந்தால் என்னிடம் சொல்லுங்கள், விசாரணையில் எப்படிப் பேசலாம் என்று பார்க்கலாம்.

ஜாஸ்மின்

*

பிள்ளைப்பாக்கம்,
30 மே 2025

ஜாஸ்மின் மேடம் அவர்களுக்கு,

சாம்சன் கடிதத்தை நீட்டினான். வாங்க மாட்டேன் என்றேன். "படிக்கிறியோ கிழிச்சுப் போடுறியோ, அது ஒன் இஷ்டம்க்கா. கையில வாங்கிக்கோ, எனக்கு லோடு கீது" என்றான். அவனுக்காக வாங்கினேன். படித்தும் தொலைத்தேன்.

பதினோரு வருஷமாக நான் போல்ட் இறுக்குகிறேன். கிளிக் சத்தம் கேட்காமல் கையை எடுத்தாயா என்று என்னைப் பார்த்துக் கேட்கிறீர்கள். வேறு யாராவது கேட்டிருந்தால் பதிலே எழுதியிருக்க மாட்டேன்.

அந்தக் கோட்டைப் பற்றி உங்களுக்கு ஞாபகப்படுத்துகிறேன், மறந்துவிட்டீர்கள் போலிருக்கிறது. இறுக்கிய நட்டுக்குக் குறி போடும் மஞ்சள் பெயின்ட் ஒருநாள் தீர்ந்துபோனது. எங்கள் லைன் சந்திரம்மாள் தன் பையிலிருந்து ரோஸ் நிற நெயில் பாலிஷை எடுத்துக் கோடு போட்டாள். அது பெயின்டைவிட நன்றாக ஒட்டியது. அதன் பிறகு லைனில் ஆளுக்கு ஒரு நிறம். எந்த நிறம் யாருடையது என்று எந்த மேனேஜருக்கும் தெரியாது. அது எங்களுக்குள் ஒரு விளையாட்டு. வெளியிலிருந்து அது தெரிந்த ஒரே ஆள் நீங்கள். வல்லக்கோட்டை கோயில் வாசலில் வளையல் கடையில் எனக்கு அந்த அரக்கு நிற பாட்டிலை வாங்கிக் கொடுத்ததே நீங்கள்தானே? "உங்க கைக்கு இதுதான்க்கா எடுப்பா இருக்கும்" என்று சொன்ன வாய்தான் தமிழ்வாணன் சாரிடமும் சொன்னது.

பொய் சொல்லச் சொல்லவில்லை. "தெரியாது சார், பார்த்துச் சொல்றேன்" என்று ஒரு நாள் தள்ளிப்போட்டிருக்கலாம். அந்த ஒரு நாளில் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

வேலை போனால் இந்த ஒரகடம் பக்கம் எந்தக் கம்பெனியிலும் என்னை லைன் லீடராக எடுக்க மாட்டார்கள். பெஞ்சு உடைந்து கிழவர் விழுந்த கதை எனக்கு முன்னால் போய் கேட்டில் நிற்கும். நாற்பது வயதில் நான் ஹவுஸ்கீப்பிங்குக்குத்தான் போக வேண்டும்.

இன்னொன்று. நட்டு கழன்றிருந்தால் அந்தக் கோடு இரண்டாகப் பிரிந்திருக்கும். பாதி நட்டின் மேல் ஒரு பக்கம், பாதி பெஞ்சின் இரும்புச் சட்டத்தின் மேல் வேறு பக்கம். கோடு போடுவதே அதைப் பார்க்கத்தான். பிரிந்திருந்ததா என்று பார்த்தீர்களா, இல்லை நிறத்தை மட்டும் பார்த்தீர்களா?

இப்படிக்கு,
பா. பாஞ்சாலி

*

திருச்செந்தூருக்குத் தெற்கே,
4 ஜூன் 2025

அக்கா,

நிறத்தை மட்டும்தான் பார்த்தேன்.

உங்கள் கடிதம் வந்த அன்றே டார்ச்சை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு பெஞ்சுக்கு அடியிலும் படுத்துப் பார்த்தேன். வனமாமலை ஐயா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "கீழ என்ன புதையலா கெடக்கு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அரக்கு நிறக் கோடு ஒன்றுகூடப் பிரியவில்லை. நட்டிலிருந்து சட்டம் வரை நேராக இருக்கிறது. உடைந்த காலிலும் அப்படித்தான். நீங்கள் இறுக்கிய இடத்திலேயே நட்டு நிற்கிறது. ஒரு இழைகூடத் திரும்பவில்லை. ஆனாலும் பெஞ்சு ஆடுகிறது.

இரண்டு நாள் எனக்கு மூளையே ஓடவில்லை. பிறகு ஒன்று கண்ணில் பட்டது. புன்னை மரங்களுக்குக் கீழே நிற்கும் பதினேழும் கெட்டியாக இருக்கின்றன. வெட்டவெளியில் வெயிலில் நிற்கும் இருபத்து மூன்றும்தான் ஆடுகின்றன. நிழலில் நிற்பதிலும் உங்கள் அரக்கு நிறம் இருக்கிறது. அதே கை, அதே ரெஞ்ச். கை காரணமாக இருந்தால் மரத்துக்கு அடியில் இருப்பதும் ஆட வேண்டும்.

ஒரு போல்ட்டைக் கழற்றிப் பலகையை அளந்தேன். நம் பலகை அசல் மரம் இல்லை, மரத்தூளும் பிளாஸ்டிக்கும் சேர்த்துச் செய்தது. மழைக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் வெயிலில் சூடேறும்போது இளகுகிறது. வாஷர் அழுத்திய இடத்தில் பலகை முக்கால் மில்லிமீட்டருக்கு மேல் அமுங்கியிருக்கிறது. பலகை இளைத்துவிட்டது, நட்டு அப்படியே நிற்கிறது, நடுவில் இடைவெளி விழுந்துவிட்டது. அந்த ஆட்டத்தில்தான் பெஞ்சின் கால் நழுவி உடைந்திருக்கிறது.

இனி சொல்லப்போவதை இரண்டு முறை எழுதிக் கிழித்தேன். என் முதல் டிராயிங்கில் பலகையின் துளைக்குள் ஒரு இரும்புப் புஷ் இருந்தது. போல்ட் அந்தக் குழாய்க்குள் போகும், இறுக்கம் முழுவதையும் அது தாங்கும், பலகை மேல் அழுத்தமே விழாது. உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அந்தப் புஷ்ஷின் விளிம்பு கத்தி மாதிரி இருந்து எல்லார் விரலையும் கிழித்தது. நீங்கள் கட்டுப் போட்ட கட்டைவிரலை என் மேஜைக்கு மேல் நீட்டி, "இத போட்டுத்தான் ஆகணுமா ஜாசு?" என்று கேட்டீர்கள். அன்று சாயங்காலமே டிராயிங்கிலிருந்து அதை எடுத்துவிட்டேன். விளிம்பை மழுக்கித் தரச் சொல்லிப் புஷ் செய்கிறவரிடம் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. உங்கள் கஷ்டத்தை உடனே தீர்த்துவிட்டேன் என்ற சந்தோஷத்தில் இருந்தேன். புஷ் இல்லாத பெஞ்சை எட்டு வாரம் வெளியே போட்டுச் சோதித்தேன், ஆனால் அது அக்டோபர், நவம்பர். மழையில் சோதித்துவிட்டு வெயிலுக்கு அனுப்பியிருக்கிறேன்.

புது ரிப்போர்ட் எழுதப் போகிறேன். எழுதினால் டிராயிங்கில் கையெழுத்துப் போடும் பொறுப்பு என்னிடமிருந்து போகும். பயமாகத்தான் இருக்கிறது, மறைக்கவில்லை.

ஆனால் ஒரு கணக்கு உதைக்கிறது. சந்திரம்மாளின் ரோஸ் நிறக் கோடு உள்ள இடங்களில், அதே வெயிலில், அதே பலகையில், கால் மில்லிமீட்டர்தான் அமுங்கியிருக்கிறது. உங்களுடையது அதைப் போல மூன்று மடங்கு. ஏன் என்று எனக்குத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரியுமா அக்கா?

ஜாஸ்மின்

*

பிள்ளைப்பாக்கம்,
8 ஜூன் 2025

ஜாஸ்மின்,

தெரியும். கடிதத்தின் கடைசி வரியைப் படித்த உடனே தெரிந்துவிட்டது. சாம்சனை இரண்டு நாள் கழித்து வரச் சொல்லிவிட்டு யோசித்தேன். தெரியாது என்று ஒரு வரி எழுதினால் போதும், உன் ரிப்போர்ட் என்னைக் காப்பாற்றிவிடும். நீ நேர்மையாக எழுதுகிறாய், நான் வாயை மூடிக்கொண்டு இருந்தால் ஆயிற்று.

முதல் லோடுக்கு மாட்ட ஆரம்பித்த அன்று காலை நான் வல்லக்கோட்டைக்குப் போய்விட்டு நேராக ஷிஃப்டுக்கு வந்தேன். நம் கையால் செய்தது முதன்முதலாகக் கடலோரத்துக்குப் போகிறது, கெட்டியாக நிற்க வேண்டும் என்று மனசுக்குள் ஒரு படபடப்பு. கிளிக் சத்தம் வந்த பிறகு, "முருகா" என்று சொல்லி இன்னும் ஒரு கால் சுற்று இழுத்தேன். எல்லா நட்டிலும். பக்கத்தில் இருந்த பெண்கள் பார்த்துவிட்டு அவர்களும் இழுக்க ஆரம்பித்தார்கள். சந்திரம்மாள் மட்டும் செய்யவில்லை. "கிளிக்குன்னு சொல்லிச்சுல்ல, அத்தோட வுடு. அதுக்கு மேல இன்னாத்துக்கு இழுக்கிற?" என்று என்னிடம் சண்டைக்கு வந்தாள். அவளுக்கு பக்தி இல்லை என்று நான் திட்டினேன். இப்போது பார்த்தால் அவள் சொன்னதுதான் சரி.

புஷ் இருந்திருந்தால் பலகை அமுங்கியிருக்காது. ஆனால் நான் இழுக்காமல் இருந்திருந்தால் இந்த வருஷமே அது உடைந்திருக்காது. அப்படித்தானே? நீ என் விரலுக்காக எடுத்தாய், நான் உன் பெஞ்சுக்காக இழுத்தேன். இரண்டு பேரும் நல்லது செய்வதாக நினைத்து அந்தப் பெரியவர் கையை உடைத்திருக்கிறோம். இதை நினைத்தால் தூக்கமே வரவில்லை.

வீட்டில் சும்மா இருக்க முடியாமல் கையில் கிடைத்ததையெல்லாம் இறுக்கிக்கொண்டிருக்கிறேன். நேற்று என் வீட்டுக்காரர் ஊறுகாய் பாட்டிலைத் திறக்க முடியாமல் தெருவுக்கு எடுத்துப்போனார். "இன்னா பாஞ்சாலி, வூட்ல ஒரு மூடிய மனுசன் தொறக்க முடில. சீக்கிரம் ஒன்ன வேலைக்குக் கூப்புட்டா தேவல" என்கிறார்.

விரலை மனசில் வைத்து ஒன்று சொல்கிறேன். புஷ்ஷைத் திரும்பப் போடு. ஆனால் ஒரு பக்கம் தொப்பி மாதிரி மழுங்கிய விளிம்பு வைக்கச் சொல். அப்போது கையும் கிழியாது, பலகையைத் திருப்பும்போது அது கீழே விழுந்து உருளவும் செய்யாது. லைனில் பாதி நேரம் அதைத் தேடித்தான் போனது.

நான் சொன்னதை ரிப்போர்ட்டில் எழுதுவதோ விடுவதோ உன் பாடு. எழுதினால் என் வேலை அவ்வளவுதான். ஆனாலும் நீ கேட்டாய், சொல்லிவிட்டேன். நாளைக்கு வைகாசி விசாகம். நீ திருச்செந்தூர் பக்கத்திலேயே இருக்கிறாய். உனக்கு வேண்டுதல் பழக்கம் இல்லை, எனக்காக அந்தக் கோபுரத்தைத் தூரத்திலிருந்தாவது பார்.

பாஞ்சாலி

*

திருச்செந்தூருக்குத் தெற்கே,
13 ஜூன் 2025

அக்கா,

சாம்சன் அண்ணன் ராத்திரியே கிளம்பி வந்ததால் உங்கள் கடிதம் விசாகத்தன்று காலையிலேயே கிடைத்தது. ரோடெல்லாம் காவடி. வேன் நகரவில்லை, நான் இறங்கி நடந்தேன். கோபுரத்தைப் பார்த்தேன். உங்களுக்காக என்ன கேட்பது என்று தெரியாமல் நின்றுவிட்டு வந்தேன்.

இங்கே ஒரு லேத் பட்டறையில் நீங்கள் சொன்ன மாதிரியே தொப்பி விளிம்போடு எட்டுப் புஷ் கடைந்து வாங்கினேன். பலகையின் கனத்தைவிட அரை மில்லிமீட்டர் நீளமாக வைத்தேன். போல்ட் இறுக்குவது இரும்பையும் சட்டத்தையும் மட்டும்தான். வெயிலில் பலகை விரிந்தால் விரியட்டும், மாலையில் சுருங்கட்டும், அதற்கு இடம் இருக்கிறது. தடதடக்காமல் இருக்க ஒரு ரப்பர் வளையம் போட்டேன். அவற்றை மாட்டிய பெஞ்சு நட்ட நடு வெயிலில் மூன்று நாள் நின்றது. மூன்று நாள் போதாது, இந்தத் தடவை ஒரு முழுக் கோடையும் விட்டுவைத்துப் பார்க்கப் போகிறேன். ஆனால் வனமாமலை ஐயாவுக்குப் பொறுமை இல்லை. நேற்று வந்து உட்கார்ந்து, முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்தார். "அசையலயே தாயி. மத்ததெல்லாம் எப்பம் மாட்டுவிய?" என்றார். நான் அழுதுவிட்டேன். அவர் பயந்துபோய் எழுந்துகொண்டார்.

தமிழ்வாணன் சாருக்குப் புது ரிப்போர்ட் அனுப்பிவிட்டேன். நட்டு கழலவில்லை, கோடு பிரியவில்லை, புஷ்ஷை எடுத்தது என் முடிவு, வெயிலில் சோதிக்காதது என் தவறு, முதல் ரிப்போர்ட்டை அவசரத்தில் எழுதினேன் என்று எல்லாம் எழுதினேன். அந்தக் கால் சுற்றைப் பற்றி எழுதவில்லை.

காரணம் சொல்கிறேன். நீங்கள் இழுக்காமல் இருந்திருந்தாலும் அடுத்த கோடையில் அது ஆடியிருக்கும். அடித்தளத் தவறு என்னுடையதுதான். ஒருமுறை யோசிக்காமல் உண்மையைச் சொல்லி உங்களை மாட்டிவிட்டேன். இந்த முறை என் கை ஓடவில்லை. ஆனால் நம் பெண்களிடம் ரகசியமாகச் சொல்லிவிடுங்கள், இனி அந்தக் கால் சுற்று கூடாது. இரும்போடு இரும்பு உட்காரும்போது அப்படி இழுத்தால் போல்ட்டே அறுந்துபோகும். இப்போது ஆடுகிறது, அப்போது ஒரேயடியாகப் பிய்த்துக்கொண்டு விழும்.

விசாரணைக்கு என்னால் வர முடியவில்லை. மீதி முப்பத்தொன்பதையும் பிரித்துப் போட்டிருக்கிறேன், விட்டுவிட்டுக் கிளம்ப முடியாது. தைரியமாகப் போங்கள். நான் எழுதியதைப் படித்தாலே உங்களைத் திரும்ப வேலைக்கு எடுத்துக்கொள்வார்கள்.

ஜாஸ்மின்

*

பிள்ளைப்பாக்கம்,
22 ஜூன் 2025

ஜாசு,

நீ சொன்ன மாதிரியேதான் நடந்தது. உன் ரிப்போர்ட்டை தமிழ்வாணன் சார் முழுக்கப் படித்தார். எச்.ஆர். ஆட்கள் இரண்டு பேர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "ஒங்க மேல தப்பு இல்லம்மா. திங்கக்கெழம வந்து ஜாயின் பண்ணிக்கோங்க" என்றார் சார். நான் கும்பிட்டுவிட்டு எழுந்தேன். மூன்று நிமிஷம்கூட ஆகவில்லை.

மீட்டிங் ரூம் கண்ணாடி வழியாக நம் லைன் தெரியும், உனக்குத் தெரியுமே. நான் இல்லாத இந்த ஒன்றரை மாதத்தில் ஐந்தாறு புதுப் பெண்கள் சேர்ந்திருக்கிறார்கள். ஒருத்திக்கு பத்தொன்பது வயதுகூட இருக்காது. கிளிக் சத்தம் முடிந்ததும் வாயை முணுமுணுத்துவிட்டு உடம்பை வளைத்து இன்னொரு கால் சுற்று இழுத்தாள். பக்கத்து லைனிலும் அதே. யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள், அவர்களுக்கு நான்தான் சொல்லிக் கொடுத்தேன். ரகசியமாகச் சொல்லச் சொன்னாய். எத்தனை பேரிடம் ரகசியமாகச் சொல்வது? நான் இல்லாத ஷிஃப்டில் யார் சொல்வது? நாளைக்குப் புஷ் வந்த பிறகு அவள் இப்படி இழுத்து ஒரு போல்ட் அறுந்தால், அதற்கு மேல் உட்கார்ந்திருப்பது யார் வீட்டுப் பெரியவரோ.

கதவுப் பிடியில் கை வைத்துவிட்டுத் திரும்பினேன். எல்லாவற்றையும் சொன்னேன். வேண்டுதல், கால் சுற்று, சந்திரம்மாள் போட்ட சண்டை, மூன்று மடங்கு அமுங்கியது வரை.

தமிழ்வாணன் சார் என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். உன்னைப் பற்றித்தான் கேட்டார். "இது அந்தம்மாக்குத் தெரியுமா?" தெரியும் என்றேன். இந்த முறை நான் உன்னைக் காட்டிக் கொடுத்தேன். சரிக்குச் சரி என்று வைத்துக்கொள்.

தீர்ப்பைக் கேள். என் வேலை போகவில்லை. ஆனால் லைன் லீடர் நான் இல்லை, சந்திரம்மாள்! ஆறு மாதத்துக்கு அவள் சொல்வதைத்தான் நான் கேட்க வேண்டும். அவள் இப்போதே "கிளிக்குன்னா கிளிக்கு" என்று போகிற வருகிற எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறாள். உனக்கு, தெரிந்ததை மறைத்ததற்காக, மூன்று மாதம் டிராயிங் மேஜை கிடையாது. "அவங்க வரைஞ்ச புஷ்ஷ அவங்களே லைன்ல நின்னு மாட்டட்டும். வெரல் கிழியுதான்னு பாப்போம்" என்றார். முப்பதாம் தேதி திங்கட்கிழமை, காலை ஏழு மணி ஷிஃப்ட். எனக்குப் பக்கத்து இடம்.

உனக்கு வருத்தமாகத்தான் இருக்கும். எனக்கும் லீடர் போனதில் வயிறு எரிகிறது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் நேற்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன். பிளாக்கையும் எடுத்துவிட்டேன், போன் செய்யலாம். இருந்தாலும் இந்தப் பெட்டியோடு அனுப்ப ஒரு சாமான் இருந்ததால் எழுதுகிறேன்.

லைனில் கை வைக்கிற எல்லாருக்கும் ஒரு நிறம் வேண்டும், அது எங்கள் வழக்கம். இன்று காலை வல்லக்கோட்டைக்குப் போனேன். அதே வளையல் கடை. யாரிடமும் இல்லாத பச்சை நிறமாகப் பார்த்து வாங்கினேன். காகிதத்துக்கு அடியில், போல்ட்டுகளோடு சுற்றி வைத்திருக்கிறேன், உடையாமல் எடு.

கிளிக் சத்தம் கேட்டதும் கையை எடுத்துவிடு. நேராகக் கோடு போடு. நாளைக்கு யாராவது போட்டோவைக் காட்டி, இந்தப் பச்சை யாருடையது என்று கேட்டால், முதலில் கோடு பிரிந்திருக்கிறதா என்று பார்ப்பேன். அதற்குப் பிறகுதான் உன் பெயரைச் சொல்வேன்.

உன்
பாஞ்சாலி அக்கா